சேர்ந்து சும்மா இருப்பது

திருச்சி பாலக்கரையில் என் வீட்டு மாடியில் வியாழக்கிழமை மாலைகளில் ஒரு கூட்டம் நடக்கிறது. ஏழெட்டுப் பேர் வருவோம். பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது, மைக் கிடையாது. நற்செய்தியில் ஒரு சின்னப் பகுதியை வாசிப்போம். பிறகு இருபது நிமிடம் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். ஆரம்பத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "என்ன டீச்சர், மேலே செபக்கூட்டம்னு சொன்னீங்க, சத்தமே காணோம், யாரும் வரலையா?" என்று அக்கறையோடு விசாரித்தார். கிறிஸ்தவர்கள் கூடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது அவருடைய அனுபவம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

நானும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள்தான். விடிந்தால் திருப்பலி, பொழுது சாய்ந்தால் செபமாலை, மே முழுக்க மாதா வணக்கமாதம், ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். எங்கள் பங்கில் தவக்காலத் தியானம் என்றால் மூன்று நாள் ஒலிபெருக்கி கட்டிப் பிரசங்கம். இதில் எதையும் நான் விட்டுவிடவில்லை. இன்றும் செபமாலை இல்லாமல் பஸ் ஏற மாட்டேன். போதாததற்குத் தொழிலும் பேச்சுதான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி, பேசிப் பேசியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவள் நான். அப்படிப்பட்டவளே வாயை மூடி உட்காரப் பழகிவிட்டேன் என்றால் யாரும் பழகலாம். ஆனால் தனியாகப் பழகியிருக்க மாட்டேன். மௌன செபத்துக்கு வனமும் வேண்டாம், காவியும் வேண்டாம். துணைக்கு நாலு பேர் வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வனத்து அந்தோனியார் காலத்திலிருந்து

"கிறிஸ்தவத்தில் மௌனத் தியானம் ஏது? யோகா கிளாஸிலிருந்து எடுத்துக்கொண்டதா?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் பரணிலேயே கிடந்ததுதான்.

மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா பாலைவனங்களுக்கு ஆண்களும் பெண்களும் துறவு பூண்டு போனார்கள். வனத்து அந்தோனியார் என்று நம் பக்கத்தில் கோயில் கட்டிக் கும்பிடுகிறோமே, அவர் இந்தக் கூட்டத்தின் மூத்தவர். கூடை முடைந்தும் கயிறு திரித்தும் வயிற்றைக் கழுவிக்கொண்டு, வேதாகம வரி ஒன்றை நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது அவர்கள் செபம். யோவான் காசியன் என்பவர் அவர்களோடு தங்கிக் கற்றுக்கொண்டு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மார்சே நகருக்கு வந்து, பாலைவனப் பெரியவர்களுடன் நடந்த உரையாடல்களை நூலாக எழுதினார். பத்தாவது உரையாடலில் ஒரே ஒரு சங்கீத வசனத்தை விடாமல் பற்றிக்கொண்டு மனசை ஒடுக்கும் முறை விளக்கமாக இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், காசியனை வாசியுங்கள் என்று வைத்தார்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியன் மடத்துத் துறவி, வேதத்தை வாசித்துச் செபிப்பதற்கு நான்கு படிகள் வகுத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, மன்றாடுவது, கடைசியில் பேச்செல்லாம் நின்று இறைவன் முன் இளைப்பாறுவது. சாப்பாட்டை வாயில் வைப்பது, மெல்லுவது, ருசி காண்பது, அந்த இனிமையில் நிறைவது என்று அவரே அதற்கு உவமை சொல்லியிருக்கிறார். நான் வளர்ந்த பங்கில் முதல் மூன்று படிகள் நன்றாகவே நடந்தன. நாலாவது படிக்கு வரும்போது யாராவது பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் வாய்செபம், தியானம், அதற்கும் ஆழத்தில் பேச்சற்ற செபம் என மூன்றையும் வரிசைப்படுத்தியே சொல்கிறது. ஆனாலும் மூன்றாவது வகை சாமியார்களுக்கும் மடத்துச் சிஸ்டர்களுக்கும் உரியது, பிள்ளை குட்டிக்காரர்களுக்கு எட்டாதது என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. அதை உடைத்ததில் நம் பக்கத்து மண்ணுக்கும் பங்கு இருக்கிறது.

கோலாலம்பூரில் கேட்ட ஒரு சொல்

1950-களின் நடுவில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தார் ஜான் மெயின் என்ற இளைஞர். அரசு வேலையாக ஒருநாள் கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவைப் பார்க்கப் போனார். ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய சுத்த சமாஜத்தை நிறுவியவர் அந்தச் சுவாமி. வந்த வேலை முடிந்ததும் பேச்சு செபத்தின் பக்கம் திரும்பியது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, உட்கார்ந்து ஒரே சொல்லை உள்ளே சொல்லிக்கொண்டிரு என்றார் சுவாமி. கிறிஸ்தவனான நான் இதைப் பழகலாமா என்று மெயின் கேட்க, பழகினால் இன்னும் நல்ல கிறிஸ்தவன் ஆவாய் என்ற பொருள்படச் சிரித்துக்கொண்டே பதில் வந்ததாம். மெயினே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பிறகு அவர் லண்டன் ஈலிங் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். அங்கே பயிற்சி கொடுத்தவர், இந்த முறை கிறிஸ்தவ செபம் இல்லை, விட்டுவிடு என்றார். விட்டுவிட்டார். பல வருடங்கள் கழித்து, வாஷிங்டனில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தபோது காசியனைத் திரும்ப எடுத்து வாசித்தார். மலாயாவில் சுவாமி சொன்ன அதே வழி, ஐந்தாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் புத்தகத்தில் இருந்தது. 1975-இல் ஈலிங்கில் பொதுமக்களுக்கென்று ஒரு தியான இல்லம் தொடங்கினார். 1977-இல் கனடாவின் மொன்றியலுக்குப் போய் அங்கேயும் ஒரு சிறு சமூகத்தை உருவாக்கினார். 1982 டிசம்பரில் காலமானார்.

அவர் விட்டுச்சென்றதில் முக்கியமானது வாரக்குழு. வீட்டிலோ கோயில் அறையிலோ கொஞ்சம் பேர் கூடி, சிறு உரை ஒன்றைக் கேட்டு, அரை மணி அளவுக்கு மௌனத்தில் இருந்து, கேள்வி இருந்தால் பேசிவிட்டுக் கலைவது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் என்ற ஊர் மடத்தில் தாமஸ் கீட்டிங், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன் என்ற மூன்று துறவிகள், பெயர் தெரியாத 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய நூலிலிருந்து இதேபோன்ற முறையை எடுத்துப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

தண்ணீர்ப்பள்ளித் தோப்பு

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் குளித்தலைக்குச் சற்று முன்னால் தண்ணீர்ப்பள்ளி. அங்கே காவிரிக் கரைத் தோப்பில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். எல்லோருக்கும் அது சாந்திவனம்தான். 1950 மார்ச் 21-இல், அன்றைய நாட்காட்டிப்படி ஆசீர்வாதப்பர் திருநாளில், இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் அதைத் தொடங்கினார்கள். ஜூல் மோன்ஷனேன், பரம அரூபி ஆனந்தம் என்ற பெயரை ஏற்றார். ஆன்ரி லெ சோ, அபிஷிக்தானந்தா ஆனார். அபிஷிக்தானந்தா அதற்கு முந்தைய வருடமே திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்து, அந்த அனுபவத்திலிருந்து கடைசிவரை மீளாதவர்.

ஆசிரமம் அவர்கள் காலத்தில் பெருகவில்லை. மோன்ஷனேன் 1957-இல் இறந்தார். அபிஷிக்தானந்தா 1968-இல் இமயத்துக்கே போய்விட்டார். அந்த வருடம் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்து பொறுப்பேற்றவர் பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; நார்னியா கதைகள் எழுதிய சி.எஸ். லூயிஸின் மாணவர். 1993-இல் மறையும்வரை அவர்தான் சாந்திவனத்தை உலகுக்குத் தெரியவைத்தார். 1991-இல் அமெரிக்காவின் நியூ ஹார்மனி என்ற ஊரில் ஜான் மெயின் நினைவுக் கருத்தரங்கை நடத்திக்கொடுத்தவர் இதே பீட் கிரிஃபித்ஸ். அந்தக் கூட்டத்தில்தான் ஆங்காங்கே இருந்த வாரக்குழுக்கள் 'கிறிஸ்தவத் தியான உலகச் சமூகம்' என்ற பெயரில் ஒன்றாயின. கோலாலம்பூரும் குளித்தலையும் அங்கே கைகோத்தன என்று சொல்லிக்கொள்வதில் திருச்சிக்காரியான எனக்குக் கொஞ்சம் பெருமை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பள்ளித்தோழியான ஒரு சிஸ்டரோடு நான் அங்கே போய்த் தங்கினேன். கோயில் நம் ஊர்க் கோயில் அமைப்பில் கோபுரத்தோடு இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். காலைச் செபத்தில் நெற்றிக்குச் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. உபநிடதமும் வாசிக்கிறார்கள், திருப்பாடலும் பாடுகிறார்கள், ஆரத்தியும் எடுக்கிறார்கள். இடையில் காய்கறி நறுக்க உட்காரலாம். எனக்குப் பிடித்தது காய் நறுக்கும் நேரம். எதிரே பிரான்சிலிருந்து வந்த அம்மா, பக்கத்தில் ஊர்க்காரர். யாரும் யாரிடமும் எதையும் நிரூபிக்கவில்லை.

திரும்பி வந்து வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். குக்கர் விசில் வந்ததும் எழுந்துவிட்டேன். மறுநாள் காய்காரர் குரல். அதற்கடுத்த நாள் உட்காரவே இல்லை. சிஸ்டரிடம் போனில் புலம்பினேன். "தனியா முடியலைன்னா நாலு பேரைக் கூப்பிடேன் டீ, வகுப்பு எடுத்தவதானே நீ" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான் வியாழக்கிழமைக் கூட்டம்.

என்ன செய்கிறோம்?

ஆறரைக்குப் பாய் விரிப்போம், முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலி. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. நற்செய்தியிலிருந்து பத்து வரிக்குள் ஒரு பகுதி. மூன்று முறை, மூன்று குரலில், நிதானமாக வாசிக்கப்படும். மனசில் ஒட்டிக்கொண்ட சொல்லை விரும்பியவர் சொல்லலாம். விளக்கம் சொல்லக் கூடாது. இந்த விதி எனக்காகவே போட்டது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிறகு கைமணி ஒருமுறை அடிக்கும். இருபது நிமிடம் மௌனம். திரும்பவும் மணி. கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடிப்போம். அப்புறம் சுக்குக் காபி.

மௌனத்தில் அவரவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வோம். ஜான் மெயின் சொல்லிக்கொடுத்தது 'மாரனாத்தா'. ஆண்டவரே வாரும் என்று பொருள்படும் அரமேயச் சொல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசியில் வருகிறது. எங்கள் பூக்கார அக்கா அதெல்லாம் வாயில் நுழையாது என்று 'இயேசுவே' என்பதோடு நிறுத்திக்கொண்டார். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை, மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

மனசு அடங்குமா என்றால், அடங்காது. கரண்ட் பில், மகன் போன் பண்ணாதது, நாளைக்கு அரைக்க வேண்டிய மாவு எல்லாம் அந்த இருபது நிமிடத்துக்காகக் காத்திருந்ததுபோல் வரும். இது நமக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ், செபிக்கிறவனைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். அதில் நடுப்பகல் சோர்வு ஒன்று. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறதே, சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் துறவியை அப்படியே படம்பிடித்திருக்கிறார். எங்கள் குழுவில் இருக்கும் கல்லூரி மாணவனிடம் இதைச் சொன்னபோது, "ஐயோ டீச்சர், நான் டைமரைத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்றான். அவிலா தெரேசாவே, செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடங்கள் தமக்கு இருந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் புனிதைக்கே அப்படி.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண்ணம் வந்தது தெரிந்ததும், அதோடு மல்லுக்கு நிற்காமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புவது. ஒளி தெரியும், குரல் கேட்கும், உடம்பு சிலிர்க்கும் என்று யாராவது எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவார்கள். தெரிகிற மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கி வைத்தவளை முன்னைப்போல் நடுத்தெருவில் கூப்பிட்டுத் திட்ட வாய் வரவில்லை என்கிறார் பூக்கார அக்கா. எங்களோடு வரும் சி.எஸ்.ஐ. சபை நர்ஸ், நோயாளியின் வீட்டுக்காரர்கள் பேசி முடிக்கும்வரை இப்போது பொறுக்க முடிகிறது என்றார். இவ்வளவுதான். இதுவே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் எதற்கு?

மௌனத்துக்குக் கூட்டம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் சபையினர், குருவோ பீடமோ இல்லாமல் சேர்ந்து மௌனமாக உட்காருவதையே வழிபாடாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டுகொண்டதை நானும் கண்டேன்: பக்கத்தில் ஒருவர் அசையாமல் இருக்கும்போது எழுந்து போகக் கால் வருவதில்லை. அது வெட்கம்தான்; ஆனால் நல்ல வெட்கம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். குழுவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மனைவியைப் பறிகொடுத்த கொஞ்ச நாளில் வந்து சேர்ந்தார். ஒரு மாலை மௌனத்தில் அழுதுகொண்டே இருந்தார். யாரும் தட்டிக்கொடுக்கவில்லை, யாரும் வசனம் சொல்லவில்லை. மணி அடித்ததும் காபியைக் கையில் கொடுத்தோம். "கடவுள் சித்தம்னு யாரும் சொல்லாத இடம் இது ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்கிறோம் என்று நாம் எத்தனை பேரை அழவிடாமல் வாயடைத்திருக்கிறோம் என்று அன்று யோசித்தேன்.

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் தெருவாரியாகக் குடும்பங்கள் கூடும் அன்பியம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் அதற்குப் போட்டியில்லை. அன்பியத்தில் பேசுகிறோம், பாடுகிறோம், ஊர்வேலை பிரித்துக்கொள்கிறோம். இங்கே சும்மா இருக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் அரண்மனைக் கணக்கு உத்தியோகம் பார்த்த தாயுமானவருக்கு மௌனகுரு கொடுத்த உபதேசமும் சும்மா இருப்பதுதானே. கணக்கு டீச்சருக்கு அதுவும் ஒரு தெம்பு.

மறுப்பவர்களும் அவர்கள் நியாயமும்

இந்த வழியைச் சந்தேகிப்பவர்கள் மூன்று பக்கத்திலும் இருக்கிறார்கள். முதலாவது எங்கள் திருச்சபையே. 1989-இல் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பத்தோடு வத்திக்கான் அனுப்பிய கடிதம், கீழைநாட்டு முறைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் உத்தியே செபமாகிவிடாது, உடம்பும் மனசும் அடையும் அமைதியைத் தூய ஆவியின் கொடை என்று எண்ணிவிடாதீர்கள் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை சரி என்பது என் கட்சி. தூக்கம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக வருகிறவரிடம் நானே சொல்லிவிடுவேன், இது அதற்கான இடமில்லை என்று.

இரண்டாவது இந்துக்கள் தரப்பு. காவியும் ஆரத்தியும் மதமாற்றத்துக்கான வேஷமா என்று கேட்டு, சீதாராம் கோயல் 1988-இல் சாந்திவனம் போன்ற ஆசிரமங்களைக் கடுமையாகத் தாக்கிப் புத்தகம் வெளியிட்டார். பிறர் புனிதமாக நினைக்கும் அடையாளத்தை எடுக்கும்போது அவர்கள் மனசும் கணக்கில் வரவேண்டும் என்பதை அந்தச் சர்ச்சை நினைவூட்டுகிறது. எங்கள் மாடியில் ஒரு மெழுகுவர்த்தியோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் குடைவது. உபநிடதமும் சந்நியாசமும் யாருடைய மரபு, அதில் சேரிக்கு இடம் எங்கே என்று 1980-களில் அர்விந்த் நிர்மல் போன்ற தலித் இறையியலாளர்கள் கேட்டார்கள். எங்கள் திருச்சியில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் நின்ற கதை செய்தித்தாள்களில் வந்ததுதான். அந்தச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடி உட்காருவது செபமில்லை, தப்பித்தல். ஆகவே எங்கள் குழுவில் ஒன்றைக் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே மாதிரி டம்ளர், முறைவைத்து எல்லோரும் நடத்த வேண்டும். படித்தவர் வாசிக்க, படிக்காதவர் கேட்க என்ற பிரிவினை கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பூக்கார அக்கா வாசிக்கும் வாரங்களில்தான் வசனம் மெதுவாக இறங்குகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

மூன்று பேர் போதும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதிப்படி மாற்றினால் மாதத்தில் கலைந்துவிடும். முதலில் பத்து நிமிட மௌனம் போதும். பள்ளிவாசல் பாங்கும் ஷேர் ஆட்டோ ஹாரனும் வரும். நம் தெருவில் வராமல் எங்கே போகும்? காசு வசூலிக்காதீர்கள். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. யாரும் குருவாகிவிடக் கூடாது. ஒருவர் மட்டுமே பேச ஆரம்பித்தால், அவர் கணக்கு டீச்சராகவே இருந்தாலும், மணியை அடித்துவிடுங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை என்று அவதிப்படுபவர் இருந்தால் முதலில் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மௌனம் மருந்துக்கு மாற்று இல்லை.

பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒளிந்து செய்ய இதில் ஒன்றும் இல்லை. வழிகாட்டல் வேண்டுமென்றால் தண்ணீர்ப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானல் பெருமாள்மலையில் சேசுசபைக் குருவான ஆமாசாமி 1996-இல் தொடங்கிய போதி செண்டோவும் இருக்கிறது. கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு, இது எனக்கு ஒத்துவரவில்லை என்று யாராவது சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவர்கள் செபமாலைக்கோ பாட்டுக்கோ திரும்பிப் போகட்டும், அதுவும் செபம்தான். ஒத்துவருகிறது என்றால் அடுத்த வாரம் இன்னொருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். மாடியில் இடம் இருக்கிறது.